வீட்டுக்கு முன் வடிகால்!

ஓடை, பள்ளம், வாய்க்கால், மதகு, கலிங்கு, வடிகால் என்று நீர் செல்லும் வழிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துக் காத்தவர் நம் முன்னோர். இன்றோ நம் நகரங்களில் இவை அனைத்துக்கும் ஒரே பெயர்தான் வழங்குகின்றது: சாக்கடை! பெயர் கெட்டதற்குக் கரணியம் நிலம் கெட்டதே. இதற்குத் திருப்பூரைவிடச் சான்று வேண்டுவதில்லை.

வெள்ளியங்கிரி மலையடிவாரத்திலிருந்து வரும் நொய்யல், காஞ்சியாறு என்னும் பழம்பெயரும் உடையது. அதன் நீரை நம்பியே ஆண்டிபாளையம் குளமும் மண்ணரைக் குளமும் அமைந்தன. சம்மனை ஓடை ஊரின் மழைநீரைத் திரட்டி ஆற்றில் சேர்த்தது. பின்னலாடைத் தொழில் பெருகியது, பிழைப்புத் தேடி வந்தோர் குவிந்தனர், தோட்டங்கள் மனைகளாயின. ஏறத்தாழ 27 சதுரக் கிலோமீட்டராக இருந்த நகரம், 2011-இல் இரண்டு நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு, ஏறத்தாழ 160 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. அவ்வாண்டின் மக்கட் கணக்கெடுப்பின்படி, இணைந்த பகுதிகளையும் சேர்த்து, அங்கு வாழ்ந்தோர் எட்டே முக்கால் இலக்கம் பேர். எல்லை விரிந்த விரைவில் வடிகால் விரிந்ததா? இல்லை!

நீரைக் கொண்டுவருவதில் காட்டிய முனைப்பை, அதனை வெளியேற்றுவதில் யாரும் காட்டவில்லை. 2000-க்குப் பின், பவானிப் பகுதியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலாகக் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி இலிட்டர் நீர் கொணரும் பெருந்திட்டம், தனியார் பங்கேற்புடன் ஆயிரம் கோடி உருபா அளவில் நிறைவேற்றப்பட்டது. நீரில் பெரும்பங்கு தொழிற்கூடங்களுக்கு. நிலத்தடிச் சாக்கடையோ நகரின் ஒரு பகுதியளவில் நின்றது. வந்த நீர் எங்கே போகும் என்று கேட்பாரில்லை.

கணக்கைப் பாருங்கள். நிலத்தடிச் சாக்கடையுள்ள நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் நீர் என்பது ஒன்றிய அரசின் வழிகாட்டு அளவு. அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராகத் திரும்பும். குடும்பத்துக்கு நால்வர் என்றால், நூறு குடும்பங்கள் குடியேறும் ஒரு புதிய மனைப்பிரிவிலிருந்து நாள்தோறும் 43,200 இலிட்டர் கழிவுநீர் வெளியேறும். இனி மழையைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஐந்து செண்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது இரண்டு இலக்கம் இலிட்டர். தோட்டமாக இருந்தபோது அதில் பெரும்பகுதியை மண் குடித்தது. கற்காரையும் பைஞ்சுதையும் குடிக்குமா? எல்லாம் ஒரே நேரத்தில் தெருவுக்கு ஓடிவரும். தெருவிலிருந்து பள்ளத்துக்குப் போகும்.

அந்தப் பள்ளத்தில் யார் இருக்கின்றனர்? மேட்டில் மனை விற்றவன் இல்லை. இசைவுக் கையொப்பமிட்ட அலுவலரும் இல்லை. பின்னலாடைக் கூடங்களில் உழைத்துவிட்டு, ஓரறை வரிசை வீட்டில் ஒண்டியிருக்கும் தொழிலாளியே இருக்கின்றான்! 2011 நவம்பர்ப் பெருமழையில் சம்மனை ஓடையும் நொய்யலும் பொங்கிக் கரையோரக் குடியிருப்புகளை வாரிச் சென்றன, உயிர்களும் பறிபோயின. 2015 திசம்பரில் சென்னையும் இதே பாடத்தைப் பன்மடங்கு துயரத்தோடு படித்தது.

இராயபுரம் போன்ற திருப்பூரின் பழம்பகுதிகளுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் நாலைந்து குடும்பங்களுக்கு மாடி எழுகின்றது. தெருவோரச் சாக்கடை மட்டும் பாட்டன் காலத்து அகலத்திலேயே கிடக்கின்றது. புதுக் குடியிருப்பின் சுமையைப் பழைய தெரு சுமக்கின்றது. கழிவுத்தொட்டி நிரம்பினால் ஓடையில் கலக்கின்றது. ஓடை நிரம்பினால் வீட்டுக்குள் வருகின்றது.

சட்டம் என்ன செய்தது? இசைவு பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் மனைக்கு முறைமை வந்துவிடும், வடிகால் வந்துவிடுமா? வாங்கிவிட்ட ஏழைக்கு வழி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அக்கட்டணம் அந்தந்தப் பகுதியின் வடிகாலுக்கே செலவாக வேண்டும் என்கின்றோம்.

நம் வேண்டுகோள் தெளிவானது. நீர் எங்கே போய்ச் சேரும் என்று நிலமட்டம் அளந்து காட்டாத எந்த மனைப்பிரிவுக்கும் இசைவு தரலாகாது. வடிகால் முடிந்த பின்னரே வீடு எழவேண்டும். ஓடைகளின் பழைய எல்லைகளை வருவாய்த்துறைப் பதிவேடுகளின்படி அளந்து, கல் நட்டு, மக்கள் காணப் படமாக வெளியிட வேண்டும். கரையோர ஏழைகளை அகற்றுமுன், அவர்கள் வேலைக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே மாற்றுக் குடியிருப்பு தரவேண்டும். ஏழையின் குடிசையை இடித்துவிட்டு, செல்வரின் சுற்றுச்சுவரைக் கண்டுங் காணாமல் விடும் போக்கு ஒழியவேண்டும்.

அன்பர்களே! மனை வாங்கச் செல்லும்போது, “சாலை எத்தனை அடி? குடிநீர் உண்டா?” என்று கேட்கின்றீர்கள். இனி மூன்றாவதாக ஒன்றையும் கேளுங்கள்: “இங்குப் பெய்யும் மழை எவ்வழியே போகும்?” விடை சொல்லத் தெரியாதவனிடம் வாங்காதீர்கள். விடை சொல்ல மறுக்கும் ஆட்சியை ஒன்றுகூடிக் கேளுங்கள். நீருக்கு வழிவிடாத ஊரில் மாந்தருக்கும் வழியில்லை!