நகத்துக்கு ஏன் ஸ்கேன்?

உங்கள் கட்டைவிரல் நகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நீங்கள் காணும் தகடு உயிரற்றது. அதை உருவாக்கும் நகவேர் தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது. அங்கிருந்துதான் கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வீதம் வளர்ந்து வெளியே வருகிறது. நோய் பெரும்பாலும் வேரிலோ தகட்டுக்கு அடியிலோ இருக்கும்; கண்ணுக்குத் தெரிவதோ தகடு மட்டுமே. ஆகவே, ஐயம் தீராதபோது மருத்துவர் நகத்தைப் பெயர்த்து, அடியிலுள்ள திசுவில் ஒரு துணுக்கை வெட்டிச் சோதிக்கிறார். வேர் சேதமடைந்துவிட்டால் அந்த நகம் வாழ்நாள் முழுவதும் பிளந்தே வளரக்கூடும். கத்தியை எடுக்குமுன் கேளா ஒலியால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

"ஸ்கேன் வயிற்றுக்கு அல்லவா?" என்பீர்கள். 1958இல் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றுக் கட்டிகளைத்தான் இம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். அன்று முதல் ஸ்கேன் என்றாலே வயிறு என்றாகிவிட்டது. ஆனால் வயிற்றுக்குரிய கருவி நகத்துக்கு உதவாது. ஏன்? நீங்களே கணக்கிடலாம். உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர். அதிர்வெண் 3.5 மெகா ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 0.44 மி.மீ. நகத்தின் தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்! மரக்காலைக் கொண்டு மிளகை அளப்பது போன்ற வேலை இது. 20 மெகா ஹெர்ட்ஸில் அலைநீளம் 0.077 மி.மீ.; இப்போது நுட்பம் தெரியும்.

அப்படியானால் வயிற்றுக்கும் அதையே பயன்படுத்தலாமே? முடியாது. அதிர்வெண் கூடக் கூடத் திசு ஒலியை அதிகமாக உறிஞ்சிவிடும். 20 மெகா ஹெர்ட்ஸ் ஒலி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேல் பயனுடன் செல்லாது. நகத்திலிருந்து விரல் எலும்புக்குச் சில மில்லிமீட்டர் தூரமே என்பதால் இங்கே அது ஒரு குறையன்று. 1979இலேயே அலெக்சாண்டர், மில்லர் என்ற இருவர் ஒலித் துடிப்புகளால் தோலின் தடிமனை அளந்து காட்டினர். தோலையும் நகத்தையும் பார்க்கக் குறைந்தது 15 மெகா ஹெர்ட்ஸ் வேண்டும் என்கிறார்கள் இத்துறை வல்லுநர்கள். ஆகவே ஸ்கேன் செய்யச் சொன்னால், "எத்தனை மெகா ஹெர்ட்ஸ்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

நகம் வளைந்தது, கருவியின் முனையோ தட்டையானது. இடையில் சிறிது காற்று இருந்தாலும் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். அதனால் கூழைத் தடிமனாகப் பூசி, அழுத்தாமல் பார்க்கிறார்கள். (அழுத்தினால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, இரத்த ஓட்டம் தெரியாமல் போகும்.) நலமான நகம் இரு தண்டவாளங்கள் போல் இரண்டு வெண்கோடுகளாகவும், நடுவே ஒரு கரும்பட்டையாகவும் தெரியும். சொரியாசிஸ் கண்ட நகத்தில் கீழ்க்கோடு கலைந்து, அடித்திசு தடித்துக் காணப்படும். குளிர்ந்த நீர் பட்டாலே உயிர் போவது போல் வலிக்கும் குளோமஸ் கட்டி சில மில்லிமீட்டரே உள்ளது. வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம். ரயில் ஊதலைக் கொண்டு நீங்கள் படித்த டாப்ளர் விளைவு, அதனுள் பாயும் இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே வெட்டுவது என்பது அறுவை மருத்துவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

முடி விஷயத்தில் எனக்கு இவ்வளவு உற்சாகமில்லை. தலைத்தோலில் மயிர்க்கால்கள் சாய்ந்த கருங்கோடுகளாகத் தெரிவது உண்மையே. வளரும் மயிர்க்கால் ஆழமாகவும், ஓய்விலுள்ளது மேலாகவும் இருப்பதைக் காணலாம். ஆயினும் சாதாரண முடி உதிர்வுக்கு உருப்பெருக்கியும், தேவையானால் இரத்தப் பரிசோதனையுமே போதும். மயிர்க்கால் செல்களிலிருந்து சிறுவர்களின் முகத்திலும் கழுத்திலும் தோன்றும் கட்டி ஒன்று உண்டு. அதனுள் படியும் சுண்ணாம்புத் துகள்கள் ஸ்கேனில் வெண்புள்ளிகளாக மின்னும். அங்கே இக்கருவி தன் கூலிக்கு வேலை செய்கிறது.

நகத்திலும் ஒன்றை மறக்கலாகாது. பூஞ்சை பிடித்த நகமும் சொரியாசிஸ் நகமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒலி வடிவத்தைக் காட்டுமேயன்றிப் பூஞ்சையை இனங்காட்டாது. அதற்கு நகத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். அந்த மலிவான சோதனையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் நம்பினால், நோயாளி வேண்டாத மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க நேரிடும்.