விடை மட்டும் போதாது, வழியும் வேண்டும்

"மேத்ஸை விட்டுடுறேன் மேடம். தமிழ்லயும் ஜிகேலயும் அள்ளிடுவேன்." ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலக மாடிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். குரூப் 4 தாளில் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. அந்த 25-ஐத்தான் விட்டுவிடப் போகிறார்களாம். முப்பத்தேழரை மதிப்பெண்! இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். ஒரு கேள்விக்கான ஒன்றரை மதிப்பெண்ணுக்குள் தரவரிசையில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்று அவர்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

விடாமல் படிப்பவர்களிடம் வேறொரு தொல்லை. அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஷார்ட்கட் வேண்டும். "அஞ்சு செகண்டில் ஆன்சர்" என்று தலைப்பு வைத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நோட்டு நிறைய சூத்திரம் இருக்கிறது. யோசித்த தடம் ஒன்றுகூட இல்லை. தர்க்கத் திறன் கேள்விகளைப் பயிற்சி செய்வது என்றால் இதுதான் என்று அவர்களை நம்பவைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

போன மாதம் கரும்பலகையில் இப்படி எழுதினேன். எல்லாப் பேனாக்களும் பென்சில்கள். சில பென்சில்கள் ரப்பர்கள். அப்படியானால் சில பேனாக்கள் ரப்பர்களா? (பேனா எப்படிப் பென்சிலாகும் என்று கேட்கக் கூடாது. தாளில் சொன்னதை ஒப்புக்கொண்டு மேலே போக வேண்டும்.) இதற்கு ஒரு மந்திரம் வைத்திருக்கிறார்கள்: "ஆலுக்கு அப்புறம் சம் வந்தா நோ, சம்முக்கு அப்புறம் ஆல் வந்தா சம்." மந்திரப்படி முடிவு கிடையாது என்றார்கள். சரியான விடைதான்.

அழித்துவிட்டு அதே இரண்டு வரிகளை முன்பின்னாக எழுதினேன். சில பென்சில்கள் ரப்பர்கள். எல்லாப் பேனாக்களும் பென்சில்கள். இப்போது "சம்முக்கு அப்புறம் ஆல்" வந்துவிட்டதே! சில பேனாக்கள் ரப்பர்கள்தான் என்று பின்வரிசை வரைக்கும் கை தூக்கினார்கள். செய்தி அதேதான், வரிசை மட்டும்தான் மாறியது. விடை எப்படி மாறும்? முதல் வரி முடிகிற பொருளில் இரண்டாவது வரி தொடங்கினால்தான் அந்த மந்திரம் செல்லும். வீடியோவில் அதையும் சொல்லியிருக்கலாம். அஞ்சு செகண்டில் அதற்கு இடமில்லை போலும்.

நான் சொல்லித் தருவது பழைய வழி. பென்சிலுக்கு ஒரு பெரிய வட்டம் போடு. அதற்குள்ளே பேனாவுக்குச் சின்ன வட்டம். ரப்பர் வட்டம் பென்சிலின் மறு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, பேனாவைத் தொடாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் முடிவு விழுந்தது. எல்லோரும் முடிவு பொருந்துகிற படத்தையே வரைந்து திருப்திப்பட்டுக் கொள்கிறார்கள். அதைப் பொய்யாக்கும் படம் கிடைக்கிறதா என்று தேடுவதுதான் பயிற்சி. அரசு அலுவலகத்தில் ஒரு மனு மேசைக்கு வரும்போதும் இந்தப் புத்திதான் வேண்டியிருக்கிறது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வேறு விதமாக நடந்திருக்க வழியுண்டா என்று ஒருமுறை புரட்டிப் பார்க்கிற புத்தி.

பகடையிலும் இதே கதை. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 என்று மனப்பாடம். கடையில் விற்கும் பகடைக்கு அது சரி. கேள்வியில் வரும் பகடை அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு படத்தில் 2, 3, 5 தெரிகின்றன. இன்னொன்றில் 2, 4, 6. இரண்டிலும் இருக்கும் 2-ஐச் சுற்றி 3, 5, 4, 6 இருப்பதால் அதற்கு எதிரே மிச்சமிருக்கும் 1தான் வர முடியும். 7 என்று கணக்குப் போட்டவர்கள் 5 என்று எழுதினார்கள். 5, 2-க்குப் பக்கத்திலேயே படத்தில் தெரிகிறது. கண்ணால் பார்த்ததைவிட மனப்பாடத்தை நம்பும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. புதிதாக வருபவர்களுக்கு அட்டையில் ஒரு பகடை செய்து கையில் உருட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

வேகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்வி, தப்புக்கு அரை மதிப்பெண் போகும். ரயில்வே என்டிபிசி முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் 30 தர்க்கம். அங்கேயும் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு பிடிப்பார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்காத குரூப் 4-இலும் மூன்று மணி நேரம் பறந்துவிடும். ஆனால் வேகம், வழி பழகிய பிறகு தானாக வருவது. 1947 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 1950 ஜனவரி 26 என்ன கிழமை என்று கேட்டேன். மாதத்துக்கு ஒரு எண் என்று குறியீட்டுப் பட்டியல் படித்திருந்த பையன் மார்ச்சுக்கு 3-ஆ 4-ஆ என்று தடுமாறிக்கொண்டிருந்தான். இந்தக் கேள்விக்கு மார்ச்சே தேவையில்லை! பட்டியல் படிக்காத ஒரு பெண் விரல் விட்டு எண்ணினாள். 1948 லீப் வருஷம், இரண்டு நாள் தள்ளினால் ஞாயிறு. 1949 ஆகஸ்ட் 15 திங்கள். அங்கிருந்து 16, 30, 31, 30, 31, 26, ஆக 164 நாள். ஏழால் வகுத்தால் மீதி 3. வியாழன். பையன் இன்னும் மார்ச்சிலேயே இருந்தான்.

ஆகவே என் வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்துக் கேள்விதான். ஒவ்வொன்றிலும் மற்ற மூன்று விடைகள் ஏன் தப்பு என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். தேர்வு நெருங்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவசமாகவே வகுப்பு நடக்கிறது. பணம் கட்டி டெஸ்ட் பேட்சில் சேர்வதற்கு முன் அங்கே ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாம்.

குரூப் 4 நடத்தும் தேர்வாணையத்திடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிடுகிறார்கள். ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்தோடு அனுப்பச் சொல்கிறார்கள். வரலாற்றுக் கேள்வி என்றால் பாடநூல் பக்கத்தைக் காட்டலாம். எண் தொடருக்கு எதை ஆதாரம் காட்டுவது? 2, 4, 8 என்று கொடுத்து அடுத்தது என்ன என்றால், இரட்டித்துக்கொண்டே போகிறவர் 16 என்பார். 2, 4, 6 என்று கூடிக்கொண்டே போவதாகப் பார்ப்பவர் 14 என்பார். இரண்டும் விடைகளில் இருந்தால் சண்டைதான். கேள்வி எடுத்தவர் மனதில் இருந்த வழி அவருக்கு மட்டுமே தெரியும். விடைப் பட்டியலில் இருப்பதோ வெறும் ஓர் எழுத்து.

இறுதி விடைகளோடு, அந்த 25 கேள்விகளுக்கு மட்டுமாவது வழிமுறையை அச்சிட்டுத் தாருங்கள். கேள்வி எடுத்தவர் எப்படியும் அதைப் போட்டுப் பார்த்திருப்பார். நான்கைந்து பக்கத்தில் முடிகிற வேலை. வழியை வெளியிட வேண்டும் என்று தெரிந்தால் இரண்டு விடை வருகிற கேள்வியைத் தாளில் வைக்க அவரே யோசிப்பார். பழைய தாள்களை வைத்துப் பயிற்சி செய்யும் பிள்ளைகளும் வழிக்காக வீடியோக்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது.