மணலிலும் ஒரு பாடு வேண்டும்

"பொம்பளப் புள்ளைங்க எங்க ஓடியாடுதுங்க? எந்நேரமும் செல்லுதான்" என்ற குறையைப் பழவேற்காட்டு மீனவக் கிராமங்களிலும் கேட்கலாம். குறை சொல்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்பதில்லை: ஓடியாட அவளுக்கு எந்த இடத்தை விட்டுவைத்தோம்?

சாயங்கால மணல் பையன்களுடையது. கிரிக்கெட்டும் வாலிபாலும் அங்கேதான். சின்ன வயதில் பெண்ணும் அதே மணலில் பாண்டி ஆடி, ஓடிப்பிடித்து வளர்ந்தவள்தான். வயதுக்கு வந்ததும் சடங்கு செய்து, ஊரைக் கூட்டிச் சோறு போடுகிறோம். அதன்பிறகு மணலை அவளுக்கு மூடிவிடுகிறோம். ஆட்டம் போகிறது, கூடவே கூட்டாளிகளும் போகிறார்கள்.

அதற்காக அவள் உடல் சும்மாவா இருக்கிறது? குடம் தூக்குகிறாள், துணி துவைக்கிறாள், தம்பியை இடுப்பில் சுமக்கிறாள், அம்மா மீன் விற்கப் போன நேரத்தில் வீட்டைத் தாங்குகிறாள். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளின் பிள்ளைகளைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்பது அளவுகோல். 11 முதல் 17 வயது வரையிலான பையன்களில் நூற்றுக்கு 78 பேரும் பெண்களில் 85 பேரும் அதை எட்டவில்லை. இந்தியா, வங்கதேசப் பெண்களின் நிலை மற்ற நாடுகளைவிடத் தேவலாம் என்றார்கள். காரணம் வீட்டு வேலையாக இருக்கலாம் என்றார்கள். இதே நாடுகளின் பையன்களுக்கு அவர்கள் சொன்ன காரணம் கிரிக்கெட்.

ஒரே நாடு, ஒரே வயது. அவனுக்குப் பந்து, அவளுக்குக் குடம். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதும் கணக்கை நாம் ஏற்க முடியாது. குடத்தை இறக்கி வைத்தவள் "இன்னொரு நடை போகலாமா" என்று ஆசையாகக் கேட்பதில்லை. ஆட்டத்தில் "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று கெஞ்சாத பிள்ளை கிடையாது. அந்த ஆசைதான் நாளைக்கும் அவளை ஓட வைக்கும். அது தனியாக வராது. எதிரே நின்று கூச்சல் போட, விழுந்தால் சிரித்துக்கொண்டே தூக்கிவிடத் தோழிகள் வேண்டும்.

"காலம் கெட்டுக் கிடக்கு" என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் பொய்யில்லை. தனியாக ஓடும் ஒருத்தியை ஊர் பேசும். இருபது பேர் சேர்ந்து ஓடினால் யாரைப் பேசும்? சென்னைக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களின் கண்ணகி நகரில் பெண்கள் குழுவாகச் சேர்ந்துதான் கபடி பழகினார்கள். அங்கிருந்து போன கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பதக்கத்தைக் கொண்டாடினோம், சரி. ஆனால் பதக்கம் வந்தால்தான், ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தால்தான் பெண் ஆடலாம் என்றால், அந்த ஆட்டமும் அவள் தலையில் ஏற்றிய இன்னொரு குடம். பையனிடம் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. சந்தோஷமாக இருக்கிறது என்பதே போதுமான காரணம்.

ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை போடுவது என்பதைத் தலைமுறைகளாக இங்கே 'பாடு' முறையில் பங்கிட்டு வருகிறார்கள். உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் முறை வர வேண்டும் என்பதே அதன் நியாயம். அந்தப் பாட்டில் பெண்ணுக்குப் பங்கில்லை. தண்ணீரையே முறை வைத்துப் பிரிக்கத் தெரிந்த ஊருக்கு மணலைப் பிரிக்கத் தெரியாதா? வாரத்தில் மூன்று சாயங்காலம் பெண்களின் பாடு. அந்த நேரத்தில் அண்ணன் குடம் தூக்கட்டும், அப்பா சோறு வடிக்கட்டும். குப்பத்துப் பெண்ணும் இருளர் குடியிருப்புப் பெண்ணும் ஒரே அணியில் நிற்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள் இதைப் பேசட்டும். அவர்கள் பேசும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெண்கள் சேர்ந்து போய் மணலில் கோடு கிழிக்கலாம்.