உரிமம் முடக்கப்பட்டால் வழக்கறிஞர் உண்டு, கட்டணம் இல்லை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சேரி இளைஞனுக்கு நிலமும் இல்லை, கடையும் இல்லை. மாதச் சம்பளம் வாங்கித் தரும் ஒரே காகிதம் பல வீடுகளில் ஓட்டுநர் உரிமம்தான். தாட்கோ கடனில் சொந்த வண்டி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். உரிமம் மூன்று மாதம் முடக்கப்பட்டால் வண்டி நிற்கும், தவணை நிற்காது. கூலிக்கு ஓட்டுபவர் என்றால் முதலாளி மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொள்வார்.

அதிவேகம், சிக்னல் மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், கைபேசியில் பேசியபடி ஓட்டுதல், சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை முடக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. முதல் நான்கிலும் தவறு ஓட்டுநருடையது. கடைசி இரண்டும் அப்படியல்ல. எத்தனை டன் ஏற்றுவது என்பதை முடிவு செய்பவர் வண்டிக்காரரோ ஒப்பந்தக்காரரோதான். விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கம் கரும்பு வெட்டப் போகும் ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றச் சொல்பவரும் மேஸ்திரிதான். விடியற்காலையில் அந்த ஊர்களுக்குப் பேருந்து கிடையாது. வண்டி கவிழ்ந்தால் சாவது நம் மக்கள் என்பதால் அந்தத் தடையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஏற்றச் சொன்னவரின் பிழைப்பு அப்படியே நடக்க, ஓட்டியவரின் பிழைப்பு மட்டும் முடங்குகிறது.

2019 திருத்தத்துக்குப் பிறகு இன்னொரு சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 206(4) பிரிவின்படி, அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஹெல்மெட் அணியாமை போன்ற குற்றங்களில் போலீசார் உரிமத்தை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். அதற்கு ரசீது தர வேண்டும். அந்த ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. விசாரணைக்கு முன்பே வேலை போய்விடுகிறது. எனவே நோட்டீஸ் வரும்வரை வீட்டில் காத்திருக்காமல், ரசீதின் நகலை இணைத்து, சீக்கிரம் விசாரிக்கும்படி ஆர்.டி.ஓ.வுக்கு மனு கொடுத்து ஒப்புகை பெறுவது நல்லது.

போலீசாரால் உரிமத்தை வாங்கி அனுப்பத்தான் முடியும். முடக்கவோ ரத்து செய்யவோ உத்தரவிடுவது ஆர்.டி.ஓ. அல்லது நீதிமன்றம். 19-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. முதலில் ஓட்டுநர் தரப்பைக் கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். விபத்து வழக்கில் முதல் தகவல் அறிக்கையை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு பிறப்பித்த உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் நம்மவர்கள் பலர் இந்த நோட்டீசுக்குப் பதிலே எழுதுவதில்லை. உரிமத்தில் பழைய முகவரி இருந்து, நோட்டீஸ் கைக்கே வராமல் போவதும் உண்டு.

பதில் எழுத வக்கீலுக்கு எங்கே போவது, பணம் ஏது என்பதுதான் அடுத்த கேள்வி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை தருகிறது. இதற்கு வருமான வரம்பு இல்லை. வருமானச் சான்றிதழ் கேட்டு அலையவிட்டால், சாதிச் சான்றிதழே போதும் என்று சொல்லலாம். வழக்கில் அடிப்படை நியாயம் இருக்கிறதா என்று மட்டும் குழு பார்க்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சட்டத்தில் 'சட்டப் பணி' என்பது நீதிமன்ற வழக்கு மட்டுமல்ல. 'பிற அதிகாரி' முன் நடக்கும் சட்ட நடவடிக்கையும் அதில் அடங்கும். ஆகவே ஆர்.டி.ஓ. விசாரணைக்கும் அதன் மேல்முறையீட்டுக்கும் உதவி கேட்கலாம். சட்ட விழிப்புணர்வு முகாம்களில் பட்டா, குடும்பத் தகராறு, விபத்து இழப்பீடு எல்லாம் பேசுகிறார்கள். இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரில் செய்யக்கூடிய வேலை இது.

நீதிமன்றத்தில் இன்னும் கவனம் தேவை. "ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிடு, முடிந்துவிடும்" என்று வாசலில் சொல்பவர்கள் இருப்பார்கள். முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகப் பதிவாகும். உரிமத்தைப் பறிக்க அதுவே பிறகு காரணமாகலாம். தவறு செய்யவில்லை என்றால் வக்கீலைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

முடக்கிய காலத்தில் திருட்டுத்தனமாக ஓட்டுவது மிகப் பெரிய ஆபத்து. 182-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அந்த நேரத்தில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பை மறுத்து, இழப்பீட்டை வண்டி உரிமையாளர் தலையில் கட்டப் பார்க்கும். சொந்த வண்டி என்றால் அந்தத் தலை ஓட்டுநருடையதுதான்.

வட்ட சட்டப் பணிகள் குழு தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். மாவட்ட ஆணைக்குழு மாவட்ட நீதிமன்றத்தில். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. போகும்போது சாதிச் சான்றிதழ், உரிம நகல், போலீஸ் ரசீது, நோட்டீஸ் அல்லது உத்தரவு ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். தபாலில் வந்த உறையைத் தூக்கி எறிய வேண்டாம். ஆர்.டி.ஓ. உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் உண்டு. உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது.