மாடு மேய்ப்பவனை நம்புங்கள்!



படித்தவன் சொல்ல வேண்டும், பாமரன் கேட்க வேண்டும். சேவை என்றாலே இப்படித்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆப்பிரிக்காவின் கதையைக் கேளுங்கள்!

மாடுகளைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்த கொள்ளைநோய் வெக்கை நோய். 1887இல் இத்தாலியப் படைக்காக மஸ்ஸாவா துறைமுகத்தில் இறக்கப்பட்ட மாடுகளோடு அது எத்தியோப்பியாவுக்குள் புகுந்தது. பத்தில் ஒன்பது மாடுகள் மடிந்ததாகச் சொல்கிறார்கள். உழுவதற்கு எருது இல்லை. 1892 வரை பஞ்சம் மக்களைத் தின்றது.

தடுப்பூசி இல்லையா? இருந்தது! 1960களில் பெரும் திட்டம் போட்டு ஊசி போட்டார்கள். நோய் அடங்கியது, 1980களில் மீண்டும் கிளம்பியது. ஏன்? மருந்தைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அஃபார் பாலைநிலத்தில் மின்சாரம் ஏது? பனிக்கட்டி ஏது? சாலை முடிந்த இடத்தில் ஜீப் நின்றது. மாடுகளோ அதற்கும் அப்பால் மேய்ந்தன!

பிறகு, குளிர்பெட்டி இல்லாமலே சில வாரங்கள் தாங்கும் தடுப்பூசி வந்தது. அதை யாரிடம் கொடுத்தார்கள்? ஊரார் தேர்ந்தெடுத்த மேய்ப்பர்களிடம்! எந்த மந்தை எங்கே தண்ணீர் குடிக்கும், எந்த மாடு நோயில் வாடுகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. 1994இல் அஃபார் பகுதியில் சுமார் இருபது மேய்ப்பர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகமான மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். 1995க்குப் பின் எத்தியோப்பியாவில் அந்நோய் இல்லை. போர் நடந்த தெற்கு சூடானிலும் இதே வழி பலன் தந்தது. 2011இல் உலகிலிருந்தே வெக்கை நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், 'பட்டம் இல்லாதவன் ஊசியைத் தொடலாமா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தவறான மருந்து, தவறான அளவு என்ற அச்சம் நியாயமானதே. அதற்குப் பயிற்சி கொடுங்கள், மருத்துவரின் மேற்பார்வையில் வையுங்கள், சட்டப்படி உரிமம் கொடுங்கள். அதை விட்டுவிட்டு அவனை விரட்டினால், பட்டதாரி நகரத்தை விட்டு மேய்ச்சல் காட்டுக்கு வந்துவிடுவாரா?

வணிகப் பெருமக்களே! உங்களுக்குத் தெரியாததல்ல. இலவசமாக நடப்பது, நன்கொடை நின்ற அன்றே நின்றுவிடும். மருந்து விற்று நாலு காசு பார்க்கும் மேய்ப்பனே நாளையும் வருவான்.

இன்று ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிப்போம் என்கிறது உலகம். ஏழையின் கையிருப்பே அந்த நாலு ஆடுகள்தான். மேய்ப்பவனை ஒதுக்கிவிட்டு இந்த இலக்கை எட்ட முடியுமா?

இளைஞர்களே, சிந்தியுங்கள்! சேவை செய்யப் புறப்படுமுன் அந்த மக்களிடம் போய் உட்காருங்கள். அவர்களிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்!