அன்றே எழுதிய ஒரு வரி

சென்ற ஞாயிறு மாலை, வவுனியாவில் நமது வீட்டு விறாந்தையில் ஒரு சிறு வழக்கு நடைபெற்றது. வழக்குரைத்தவர் முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர். எதிரே அமர்ந்திருந்தவன் கணினிக் கல்வி பயிலும் நம் தமக்கையின் மகன். சிறுபோகத்துக்குக் குளத்து நீரைப் பங்கிடுவதற்காக, வயற்காணிகளின் பரப்பைக் கணக்கிடும் நிரலொன்றை அவனும் தோழர்களும் அவ்வமைப்புக்கு ஆக்கிக் கொடுத்திருந்தனர்.

“தம்பி, முன்னர் இரண்டரை ஏக்கர் என்றிருந்த காணி இப்போது இரண்டு என்று வருகிறதே, அரை ஏக்கர் எங்கே போயிற்று?” என்றார் செயலாளர்.

“கவலை வேண்டாம், ஐயா. ஒரே கட்டளையில் நாங்கள் செய்த மாற்றங்கள் யாவும் வந்துவிடும்” என்றான் பிள்ளை.

நேயர்கட்கு ஒரு விளக்கம். நிரலிற் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், யார், எந்நாளில், யாது செய்தார் என்னுங் குறிப்புடன் காத்து வைக்குங் கருவிகள் உள. அவற்றுள் இன்று பெருவழக்கிலுள்ளது ‘கிட்’ என்பது. லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் இதனை ஆக்கினார். அதன் ‘லாக்’ என்னுங் கட்டளை அக்குறிப்புகளை வரிசையாகத் திரையிற் காட்டும். பயன்படுத்துவோருக்கான மாற்றப் பதிவேட்டை முன்னாளிற் கையால் எழுதினர். இந்நாளிலோ ‘கிட்-கிளிஃப்’ போன்ற கருவிகள், இரு வெளியீடுகட்கு இடைப்பட்ட குறிப்புகளைத் திரட்டி, புதியன ஒருபுறம், திருத்தியன ஒருபுறம் என வகுத்து நொடிப்பொழுதில் ஏடாக்கித் தருகின்றன. வகுத்தற்கு உதவியாக, புதிய வசதியாயின் ‘ஃபீட்’ என்றும், பிழை நீக்கமாயின் ‘ஃபிக்ஸ்’ என்றும் குறிப்பின் தொடக்கத்தில் எழுதுவது ஒரு மரபு. பழைய பயன்பாட்டைக் குலைக்கும் மாற்றமாயின் ஆச்சரியக்குறியும் இடுவர்.

கட்டளை பிறந்தது, ஏடும் வந்தது. “திருத்தம்”, “மீண்டுந் திருத்தம்”, “சிறு மாற்றம்”, “இப்போது சரி” என்று நாற்பது வரிகள்! நாம் நகைத்துவிட்டோம். செயலாளர் நகைக்கவில்லை.

“எங்கள் பழைய பங்குக் கொப்பி 2009இல் இடம்பெயர்ந்தபோது தொலைந்துபோயிற்று. எவருக்கு எவ்வளவு என்று மீண்டும் ஒத்துக்கொள்ள நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. காரணம் எழுதாத கொப்பி இருந்தென்ன, தொலைந்தென்ன, தம்பி?” என்றார்.

பிள்ளையின் முகம் வாடிற்று. அன்றிரவு உறங்காது, ஒவ்வொரு மாற்றமாக விரித்து நோக்கினான். “சிறு மாற்றம்” என்ற வரியின் கீழேதான் அரை ஏக்கர் புதைந்து கிடந்தது. பின்னத்தை வெட்டி முழு எண்ணாக்கியிருந்தனர். யாது மாறிற்று என்பதைக் கிட் காட்டியது. ஏன் மாற்றினர் என்பதை அஃது எங்ஙனம் அறியும்? உழைத்த கை அன்றே எழுதாததை எந்தக் கருவியும் பின்னர்த் தேடித் தர மாட்டாது.

கிட்டுக்கு ஒரு சிறப்புண்டு. வேலையிற் பங்குகொள்வோர் ஒவ்வொருவரும் எடுக்கும் பிரதியில் வழக்கமாக முழு வரலாறும் இருக்கும்; ஒன்று அழிந்தாலும் பிறிதொன்றினின்று மீட்கலாம். ஒற்றைக் கொப்பியை இழந்து தவித்த வன்னி மக்களுக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், வெறுங் குறிப்பை நூறு பிரதி செய்தால் நூறு வெறுமையே எஞ்சும். அன்றியும், செயலாளருக்கு வேண்டியது நாற்பது வரியும் அன்று. காணிக்காரரைத் தொடும் ஒரு வரியே. அதனைத் தெரிந்து, அவருக்கு விளங்கும் மொழியில் எழுதுவது மனிதர் கடமை.

மறுநாட் காலை பிழையை நீக்கியபின் பிள்ளை எழுதிய குறிப்பு இது: “ஃபிக்ஸ்: காணிப் பரப்பில் அரை, கால் ஏக்கர் இனி விடுபடாது. சென்ற வெளியீட்டிற் பின்னத்தை நீக்கியது எமது தவறு. நீர்ப்பங்கை மீண்டுங் கணக்கிடுக.”

செயலாளர் அதனை இருமுறை வாசித்தார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, திகதியிட்டு, தமது கொப்பியிலும் பெயர்த்து எழுதிக்கொண்டார்.