குடும்ப நலம்: கண்ணாடியைக் கழற்றிய மறுநாள்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அதனைச் சூழ்ந்து எழுந்த கணினி நிறுவனங்களும் அயனம்பாக்கம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு வேலை தந்துள்ளன. அவர்களுள் மூக்குக்கண்ணாடி அணிவோர் ஏராளம். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும், "கண்ணாடி இல்லாமலிருந்தால் நன்றாயிருக்குமே" என்ற பேச்சு எழுகிறது. உடனே யாரேனும் ஒருவர் லேசர் சிகிச்சையைப் பற்றிச் சொல்கிறார். "பத்து நிமிட வேலைதான், மறுநாளே எழுந்து நடமாடலாம்" என்கிறார். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். மறுநாளைப் பற்றி இம்மாதம் பேச விரும்புகிறோம்.

முதலில் இச்சிகிச்சை யாது என அறிவோம். கைக்கடிகாரத்தின் முகப்பில் கண்ணாடி கவிந்திருப்பதுபோல, நம் விழியின் முகப்பில் ஒளி ஊடுருவும் படலம் ஒன்று கவிந்துள்ளது. கண்தானம் செய்வோரிடமிருந்து எடுத்துப் பிறருக்குப் பொருத்தப்படும் கருவிழிப் படலம் இதுவே. இதன் நடுப்பகுதியின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இதன் வளைவு பொருந்தாதபோது பார்வை மங்குகிறது. லேசிக் எனப்படும் சிகிச்சையில், இப்படலத்தின் மேற்பகுதியை மெல்லிய மடலாகச் சீவி, புத்தகத்தின் அட்டையைத் திருப்புவதுபோல் ஒருபுறம் திருப்பி வைக்கிறார்கள். அடியிலுள்ள திசுவை லேசர் கதிரால் செதுக்கி வளைவைத் திருத்துகிறார்கள். பின்னர் மடலைப் பழையபடி மூடிவிடுகிறார்கள். தையல் கிடையாது.

இக்கலையின் தொடக்கத்தில் தமிழகத்தோடு தொடர்புடைய ஒருவர் இருப்பது நமக்குப் பெருமை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிஞர் ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் விருந்தில் எஞ்சிய வான்கோழி இறைச்சியின்மீது எக்சைமர் லேசர் கதிரைப் பாய்ச்சினார். சுற்றியுள்ள தசை கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் துல்லியமாக வெட்டுண்டது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து இதனைக் கருவிழிப் படலத்திற்குப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார். கூட்டாளிகளான ஜேம்ஸ் வைன், சாமுவேல் புளும் ஆகியோருடன் அவருக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்ப விருது 2013இல் அதிபர் ஒபாமாவின் கையால் வழங்கப்பட்டது.

மடலின் அடியில் மணல்

இச்சிகிச்சை பெற்ற மிகப் பெரும்பாலோர் நல்ல பார்வையுடன் வாழ்கின்றனர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எனினும், மிகச் சிலருக்கு மூடிய மடலின் அடியில் அழற்சி தோன்றுகிறது. 1998இல் அமெரிக்க மருத்துவர்கள் இதனை முதன்முதலாக விவரித்தனர். உருப்பெருக்கியில் பார்க்கையில், காற்றில் அலையலையாய்ப் படிந்த மணல்போல் வெள்ளணுக்கள் திரண்டு தோன்றுவதால், 'சஹாரா மணல்' என்றும் இதற்குப் பெயர் வழங்கலாயிற்று.

இது கிருமித் தொற்றன்று. மடலின் அடியில் சிக்கிய அந்நியப் பொருளை எதிர்க்க உடலே அனுப்பும் வெள்ளணுக்களின் கூட்டம் இது. கருவியிலிருந்து உதிர்ந்த துகள், கையுறையின் தூள், இமையோரத்து எண்ணெய்க் கசிவு, சிறிது குருதி, மேற்பரப்பில் ஏற்பட்ட சிராய்ப்பு என்று காரணங்கள் பல.

சில வேளைகளில் ஒரே நாளில், ஒரே அறையில் சிகிச்சை பெற்ற பலருக்கும் இது ஒருசேர வருவதுண்டு. 2000ஆம் ஆண்டில் கனடா நாட்டு மருத்துவர்கள் இத்தகைய நிகழ்வுகளை ஆராய்ந்து, கருவிகளைத் தூய்மை செய்யும் நீராவிக் கலனின் நீர்த்தொட்டியைச் சுட்டிக்காட்டினர். தொட்டியில் படிந்து வளர்ந்த கிருமிகள் வெப்பத்தில் மடிந்தன. ஆனால் அவற்றின் நஞ்சு அழியாமல் கருவிகளில் ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போன குழம்பை மீண்டும் கொதிக்கவைப்பதால் அது நல்ல குழம்பாகிவிடாது என்பதை நம் இல்லத்தரசிகள் அறிவார்கள். அதே கதைதான் இங்கும்.

ஏன் மறுநாள்?

இவ்வழற்சி பெரும்பாலும் முதல் ஓரிரு நாட்களில் தலைகாட்டுகிறது. இதனை நான்கு படிகளாகப் பகுத்துள்ளனர். முதற்படியில் அணுக்கள் ஓரத்தில் மட்டும் இருக்கும். பார்வை தெளிவாகவே இருக்கும். கண் சிவக்காமலும் இருக்கலாம். இரண்டாம் படியில் அவை நடுப்பகுதிக்குப் பரவும். மூன்றாம் படியில் நடுவே திரண்டு பார்வையை மங்கச் செய்யும். நான்காம் படியில் திசு கரைந்து வடுவாகிறது. அவ்வடுவால் நேரும் பார்வைக் குறை நிலைத்துவிடக்கூடும்.

முதலிரு படிகளில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அடிக்கடி இடுவதால் பெரும்பாலும் முற்றும் குணமாகிறது. மூன்றாம் படியை எட்டினால் மடலைத் தூக்கி அடியில் கழுவவேண்டும். ஆதலால் ஓரிரு நாள் தாமதமும் பெரிது. நோயாளி ஒன்றும் உணராதபோதே மருத்துவரின் கருவி இதனைக் கண்டுவிடும். "நன்றாகத்தானே தெரிகிறது, எதற்கு அலைச்சல்?" என்று மறுநாள் பரிசோதனைக்குப் போகாதிருப்பது, நமக்குக் கிடைத்த நல்ல நேரத்தைக் கைநழுவவிடுவதாகும்.

இன்னுமோர் எச்சரிக்கை. அழற்சியைத் தணிக்கும் அதே ஸ்டீராய்டு, சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்திவிடும். அப்போது மடலின் அடியில் நீர் கசிந்து, பார்வைக்கு முன்னைய அழற்சிபோலவே தோன்றும். அந்நீரின் மேல் வைத்து அளப்பதால் அழுத்தமும் குறைவாகவே காட்டக்கூடும். பெரும்பாலும் முதல் வாரத்திற்குப் பின் வரும் இந்நிலையில் மருந்தைக் கூட்டினால் கேடு. மருத்துவர் மேற்பார்வையில் அதனைக் குறைத்து நிறுத்தி, அழுத்தத்தைத் தணிக்கவேண்டும். கிருமித் தொற்றாயிருந்தாலும் ஸ்டீராய்டு மட்டும் இடுவது தீங்கே. ஆகவே மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சொட்டு மருந்து இடுவதும், பழைய புட்டியை மீண்டும் எடுப்பதும் கூடவே கூடாது.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

திருமண நாளை ஒட்டிச் சிகிச்சைக்கு நாள் குறிக்காதீர்கள். மறுநாளும், அடுத்த வாரமும், மருத்துவர் சொல்லும் மற்ற நாட்களிலும் வெளியூர்ப் பயணமோ, இரவுப் பணியோ குறுக்கிடாதபடி விடுப்பு எடுக்கச் செய்யுங்கள்.

பதினெட்டு வயது நிறைந்து, கண்ணாடியின் பவர் ஓராண்டாவது மாறாமல் இருக்கவேண்டும். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருத்தல் நலம். இமையோர அழற்சி, கண் வறட்சி இருப்பின் முதலில் அவற்றைக் குணப்படுத்தவேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிவோர் மருத்துவர் கூறும் நாள் முதல் அதனை நிறுத்தவேண்டும். கண்மை, முகப்பூச்சு ஆகியவற்றைச் சிகிச்சைக்குச் சில நாள் முன்பே விலக்கவேண்டும்.

சிகிச்சைக்குப் பின் கண்ணைக் கசக்கலாகாது. வலி, கூச்சம், நீர் வடிதல், பார்வை மங்கல் எது தோன்றினாலும் அன்றே செல்லுங்கள். ஆண்டுகள் கழிந்த பின்னரும், குழந்தையின் நகம் கீறியோ தூசி பட்டோ இவ்வழற்சி வரக்கூடும். அப்போது பார்க்கும் மருத்துவரிடம், "லேசிக் செய்துகொண்டவள்" என்பதை மறவாமல் சொல்லவேண்டும்.

சிகிச்சை தேவையா என்று ஐயமிருப்பின் இரண்டாவது மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. 1819 முதல் இயங்கிவரும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளது.

வரன் வீட்டாருக்காக மட்டுமே ஒரு பெண் தன் விழிகளைக் கத்திக்கு ஒப்புவிக்கவேண்டுமா என்பதையும் பெற்றோர் எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம். அவளே விரும்பித் தெளிந்து முடிவெடுத்தால், மறுநாள் காலை அவளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையது.